பழைய கார் சாமான்களை வெளிநாட்டுக்கு அனுப்ப எச்.எஸ். எண் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஸ்டோர்களைக் காலி செய்யும்போது லேண்ட் ரோவர் சாமான்கள் இன்னமும் கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் துரைமார் ஓட்டிய சீரிஸ் வண்டிகளுக்காக வாங்கி வைத்த டைனமோ, பிரேக் ஷூ, பெட்டிகூடப் பிரிக்காத பேரிங், லீஃப் ஸ்பிரிங். பட்டணத்துப் பட்டறைகளில் மோரிஸ் மைனர் சாமான்களும் உண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இதற்கென்றே காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல விலையும் கொடுக்கிறார்கள். இணையத்தில் விற்பது இப்போது பெரிய விஷயமே இல்லை. பார்சல் பாரத்தில் எச்.எஸ். எண், அதாவது உள்ளே இருப்பது என்ன சாமான் என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண், என்று ஒரு கட்டம் வரும் பாருங்கள், அங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள், அல்லது கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்கள்.

“அண்ணே, எல்லாமே கார் சாமான்தானே, 8708 போட்டால் போதாதா?” என்று தம்பிமார் கேட்பது வழக்கம். போதாது. 8708 என்பது மோட்டார் வாகனப் பாகங்களுக்கான எண்தான், ஆனால் ஒரு காரைப் பிரித்துப் போட்டால் அதில் பெரும்பகுதி 8708-இல் வராது. “எந்தக் காருக்கு” என்ற கேள்வியோடு ஆரம்பிக்காமல், “இது என்ன சாமான், எதனால் செய்தது, என்ன வேலை செய்கிறது” என்று ஆரம்பித்தால் சரியான எண் கிடைத்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

எண்ணின் அமைப்பு

எச்.எஸ். முறையை நடத்துவது பிரசெல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது எல்லாரும் பயன்படுத்துவது 2022 பதிப்பு. முதல் 2 இலக்கம் அத்தியாயம், 4 இலக்கம் சேர்ந்தால் தலைப்பு, 6 சேர்ந்தால் துணைத்தலைப்பு. இந்த 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பிறகு வருவது ஒவ்வொரு நாட்டின் சொந்த வால். ஆசியான் நாடுகள் சேர்ந்து 8 இலக்கம் வைத்திருக்கின்றன, மலேசியாவில் அது 10 இலக்கமாகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இறக்குமதிக்கு 10 இலக்கம்.

அனுப்புகிறவருக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: முதல் 6 இலக்கத்தைச் சரியாகப் பிடிப்பது உங்கள் பொறுப்பு. அஞ்சல் பார்சலின் சி.என். 23 பாரத்துக்கு அது போதும். முறையான ஏற்றுமதி அறிவிப்பான கே2 பாரம் நிரப்பும்போது மட்டும் மலேசியாவின் 10 இலக்கம் தேவைப்படும். வாங்குகிறவர் நாட்டின் வாலை அங்கே இருக்கும் கூரியரோ ஏஜெண்டோ பார்த்துக்கொள்வார். அவர் ஊர்க் கடைசி நான்கு இலக்கத்தை நீங்கள் ஊகித்து எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் வேலை: சாமானைப் பாருங்கள்

கணினியைத் திறக்கும் முன் சாமானைத் துடைத்து வெளிச்சத்தில் வையுங்கள். ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதன் பெயர், என்ன வேலை செய்கிறது, முக்கியமாக எதனால் ஆனது (இரும்பா, பித்தளையா, ரப்பரா, கண்ணாடியா), தனிச் சாமானா அல்லது பல சேர்ந்த அசெம்பிளியா, எந்த நாட்டில் செய்தது. லூகாஸ், ஸ்மித்ஸ், கிர்லிங் போன்ற பிரிட்டிஷ் பெயர்கள் வார்ப்பிலேயே இருக்கும், எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் சுங்கம் கேள்வி கேட்கும்போது கைகொடுக்கும்.

செய்த நாடு என்பது முக்கியம். சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறது என்பதால் அது மலேசியப் பொருள் ஆகிவிடாது. பர்மிங்ஹாமில் செய்த டைனமோ பிரிட்டன் பொருள்தான், அறுபது வருடம் பேராக்கில் கிடந்தாலும் சரி. மலேசியாவுக்கு உள்ள வரிச் சலுகையை அதற்குக் கேட்கவும் முடியாது.

இரண்டாவது வேலை: 8708 கதவைத் தட்டும் முன் மூன்று கேள்வி

87-ஆம் அத்தியாயம் இருக்கும் 17-ஆம் பகுதியின் தொடக்கத்தில் சில குறிப்புகள் உண்டு. தேடுபொறியில் பெயரைத் தட்டி எண்ணை எடுக்கிறவர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை, ஆனால் சட்டப்படி அந்தக் குறிப்புகளுக்குத்தான் பலம். எச்.எஸ். முறையில் எண்ணைத் தீர்மானிக்கும் பொது விதிகளில் முதல் விதியே அதுதான்: தலைப்பின் சொற்களும் குறிப்புகளும்தான் எண்ணைத் தீர்மானிக்கும்.

ஒன்று, குறிப்பு 2 இந்தச் சாமானை வெளியே தள்ளுகிறதா? இரண்டு, இது முழுமையாகவோ முக்கியமாகவோ மோட்டார் வாகனத்துக்கென்றே செய்ததா? மூன்று, வேறு எங்காவது இதைப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறார்களா? முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம், மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால்தான் 8708.

குறிப்பு 2-இன் பட்டியலைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அது வெளியே தள்ளுபவை: வாஷர், கேஸ்கெட், ரப்பர் சாமான்கள், போல்ட், நட், ஸ்பிரிங், பூட்டு, கீல் போன்ற “பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள்”, 82-ஆம் அத்தியாயத்துக் கைக்கருவிகள், 84-இல் பெயர் சொல்லி வைத்த எஞ்சினும் அதன் பாகங்களும், 85-இன் மின்சாரச் சாமான்கள், 90-இன் மீட்டர்கள், 91-இன் கடிகாரங்கள். ரேடியேட்டர் மட்டும் விதிவிலக்கு, அது 8708-இலேயே தங்குகிறது, 8708.91.

இதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். லேண்ட் ரோவரின் ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கதவாக அனுப்பினால் அது உடல்பாகம், 8708.29. அதே கதவிலிருந்து கீலைக் கழற்றித் தனியாக விற்றால் 8302.10. பூட்டு 8301.20. சாவி மட்டும் போனால் 8301.70. கைப்பிடி உலோகமாக இருந்தால் 8302.30. ஃபிரேம் இல்லாத வெறும் ஜன்னல் கண்ணாடி, டெம்பர்டு என்றால் 7007.11, லேமினேட்டட் என்றால் 7007.21. ஓரத்து ரப்பர் 40-ஆம் அத்தியாயம். ஒரே கதவுதான், பிரித்த மறுநிமிடமே இத்தனை எண். அதனால் பார்சலில் எது எந்த நிலையில் போகிறது என்று முடிவு செய்யாமல் எண் தேட உட்காராதீர்கள்.

இன்னொரு நல்ல உதாரணம் அடிப்பகுதி. ஷாக் அப்சார்பர் சஸ்பென்ஷன் சாமான், 8708.80. பக்கத்திலேயே இருக்கும் லீஃப் ஸ்பிரிங்? அதுவும் சஸ்பென்ஷன்தான், ஆனால் இரும்பு ஸ்பிரிங் பொதுப் பயன்பாட்டுப் பாகம் என்பதால் 7320.10. லேண்ட் ரோவருக்கு மட்டுமே பொருந்தும், வேறெதற்கும் ஆகாது என்று வாதாடினாலும் மாறாது, குறிப்பு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது வேலை: வண்டியைச் சுற்றி ஒரு நடை

எஞ்சினிலிருந்து தொடங்கலாம். ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் கார் எஞ்சின் முழுசாகப் போனால் 8407.34, வாகன டீசல் எஞ்சின் 8408.20. கார்புரேட்டரோ வேறு சில பாகங்களோ இல்லாத எஞ்சினும், எஞ்சினின் அடிப்படைத் தன்மை இருக்கிறவரை எஞ்சின்தான், அந்தப் பொது விதிகளில் 2-ஆம் விதி அப்படிச் சொல்கிறது. வெறும் பிளாக் என்றால் அது பாகம். பெட்ரோல் எஞ்சினின் பிஸ்டன், வால்வு, சிலிண்டர் ஹெட், எஸ்.யு. கார்புரேட்டர் எல்லாம் 8409.91. டீசலுக்கு 8409.99. ஆனால் கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் 8483.10, ஏனென்றால் அவற்றைத் தலைப்பிலேயே பெயர் சொல்லியிருக்கிறார்கள். ஃப்யூவல் பம்ப், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், டீசல் இன்ஜெக்‌ஷன் பம்ப் நான்கும் 8413.30. ஆயில் ஃபில்டர் 8421.23, ஏர் ஃபில்டர் 8421.31. பால் பேரிங் 8482.10, டேப்பர் ரோலர் 8482.20, அது கியர்பாக்ஸுக்குள் போனாலும் சக்கரத்துக்குப் போனாலும் ஒன்றே. தெர்மோஸ்டாட் 9032.10. ரப்பர் ஹோஸ் 4009, ஃபேன் பெல்ட் 4010. கேஸ்கெட்டில் கவனம் வேண்டும்: உலோகத் தகடோடு வேறு பொருள் சேர்ந்தது 8484.10, வெறும் ரப்பர் என்றால் 4016.93, பல பொருளில் செய்த கேஸ்கெட்டுகளை ஒரே உறையில் போட்ட செட் என்றால் 8484.90.

மின்சாரப் பக்கம் சுலபம், பெரும்பாலும் 8511-லும் 8512-லும் முடிந்துவிடும். பிளக் 8511.10, பழைய டிராக்டர் மேக்னட்டோ 8511.20, டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் 8511.30, ஸ்டார்ட்டர் 8511.40, டைனமோ 8511.50, அதன் கட்-அவுட் 8511.80. ஹெட்லைட், இண்டிகேட்டர் 8512.20, ஹாரன் 8512.30, வைப்பர் 8512.40. சீல்டு பீம் மட்டும் 8539.10-க்குப் போகும். ஒயரிங் செட் 8544.30.

டாஷ்போர்டு மீட்டர்களைத்தான் நிறையப் பேர் 8708.99 என்று எழுதுகிறார்கள். ஸ்பீடோமீட்டர் 9029.20. பெட்ரோல் அளவு, ஆயில் பிரஷர் காட்டுபவை 9026. அம்மீட்டர் 9030. கடிகாரம் 9104.

8708-இல் நிஜமாகவே தங்குபவை: பம்பர் 8708.10, பிரேக் சாமான் 8708.30, கியர்பாக்ஸும் அதன் பற்சக்கரங்களும் 8708.40, டிஃபரன்ஷியலோடு கூடிய ஆக்சில் 8708.50, சக்கரமும் ஹப்கேப்பும் 8708.70, சைலன்சர் 8708.92, கிளட்ச் 8708.93, ஸ்டீயரிங் 8708.94. எங்கேயும் பெயர் இல்லாத வாகனப் பாகத்துக்குக் கடைசிப் புகலிடம் 8708.99. கடைசி என்பதை மறக்காதீர்கள்.

சீட் 9401.20. ரியர் வியூ கண்ணாடி 7009.10. டயர் புதுசு 4011, பழசு 4012.20. பழசு புதுசு என்பது 6 இலக்கத்தை மாற்றுவது டயர் மாதிரிச் சில பொருளுக்கு மட்டும்தான். மற்றபடி அறுபது வருடத்துப் பம்பருக்கும் நேற்றுச் செய்த பம்பருக்கும் ஒரே எண்.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. மாஸி ஃபெர்குசன் டிராக்டர் பாகமும் 8708 குடும்பம்தான், காரணம் அந்தத் தலைப்பு 8701 முதல் 8705 வரையுள்ள வண்டிகளுக்கு, டிராக்டர் 8701. ஆசியான் 8 இலக்கத்தில்தான் டிராக்டருக்கும் காருக்கும் வழி பிரிகிறது. மோட்டார் சைக்கிள், அதாவது கப்சாய் சாமான் என்றால் 8714.10. எஞ்சின் பாகம் அப்போதும் 8409.91.

“நூறு வருடப் பழசு” என்ற வாதம்

பழைய சாமான் என்றாலே 97-ஆம் அத்தியாயம், வரி இல்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 9706 என்பது 100 வருடத்தைத் தாண்டிய பொருளுக்கு, அதனால் 1950களின் லேண்ட் ரோவர் கிட்டவே வராது. 9705 சேகரிப்பாளர் பொருள், வரலாற்று மதிப்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விளக்கக் குறிப்புகள் குறைந்தது 30 வருடமான, மாற்றம் செய்யாத, உற்பத்தி நின்றுபோன வாகனங்களுக்கு இதில் இடம் கொடுக்கின்றன, அதே நிபந்தனையோடு அசல் பாகங்களுக்கும். ஆனால் எல்லா நாடும் அப்படிப் பார்ப்பதில்லை. சும்மா தேய்ந்துபோன பிரேக் சிலிண்டரை வரலாற்றுப் பொருள் என்று எழுதினால் பார்சலைத் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள். 9705 கேட்க வேண்டுமானால் அதை வாங்குகிறவரே தன் நாட்டுச் சுங்கத்திடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு நீங்கள் பாரத்தில் போடுங்கள்.

நான்காவது வேலை: சரிபார்ப்பது

மலேசியச் சுங்கத் துறையின் எச்.எஸ். எக்ஸ்ப்ளோரர் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அங்கே பெயரைத் தேடுவதைவிட, நீங்கள் கண்டுபிடித்த 4 இலக்கத்தைப் போட்டு அந்தத் தலைப்பின் வரிகளை மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. சுங்க அட்டவணையில் காரியப் பெயர்தான் இருக்கும், பட்டறையில் நாம் சொல்லும் பெயர் இருக்காது. டைனமோ என்று தேடினால் கிடைக்காதது, ஜெனரேட்டர் என்றால் கிடைக்கும்.

அடுத்து போகிற நாட்டைப் பாருங்கள். பிரிட்டனுக்கு அரசின் டிரேட் டாரிஃப் பக்கம், ஐரோப்பாவுக்கு டாரிக், அமெரிக்காவுக்கு பன்னாட்டு வர்த்தக ஆணையத்தின் அட்டவணை. அமெரிக்கச் சுங்கம் இதுவரை கொடுத்த முடிவுகளை கிராஸ் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். சந்தேகமான சாமானுக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது என்பது என் கருத்து, ஏனென்றால் எண்ணை மட்டும் சொல்லாமல் ஏன் அந்த எண், ஏன் மற்றது இல்லை என்று காரணத்தோடு எழுதியிருப்பார்கள். அந்தக் காரணம் 6 இலக்கம் வரை மற்ற நாட்டுக்கும் உதவும், கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் வரியை அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும். 2025 மே மாதம் முதல் வாகனப் பாகங்கள் பலவற்றுக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி வந்தது, 2025 ஆகஸ்ட் 29 முதல் 800 டாலருக்குக் கீழான பார்சலுக்கு இருந்த விலக்கும் நின்றது. எந்த எண்ணில் விழுகிறோம் என்பதைப் பொறுத்துத் தொகை பெரிதாக மாறும்.

ஒரே மாதிரிச் சாமானைத் தொடர்ந்து நிறைய அனுப்புகிறீர்கள், எண் இரண்டுக்கும் நடுவில் இழுக்கிறது என்றால், 1967 சுங்கச் சட்டத்தின் 10பி பிரிவின்படி மலேசியச் சுங்கத்திடம் முறைப்படி வகைப்பாட்டு முடிவு கேட்கலாம். ஒற்றைப் பார்சலுக்கு அது தேவையில்லை.

ஐந்தாவது வேலை: பாரத்தில் எழுதுவது

“கார் பார்ட்ஸ்” என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி: ஸ்பீடோமீட்டர், லேண்ட் ரோவருக்கு, பயன்படுத்தியது, பிரிட்டனில் செய்தது, எண்ணிக்கை, எடை, விலை, 9029.20. பாரத்தில் இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் அஞ்சல் பார்சலுக்கு 2021 மார்ச் முதல் இந்த விவரங்கள் மின்னணு வழியாக முன்கூட்டியே போயாக வேண்டும், விவரம் மொட்டையாக இருந்தால் பார்சல் நிற்கும்.

விலை என்பது வாங்கியவர் கொடுத்த விலை. “அண்ணே, கிஃப்ட் என்று போட்டுவிடுங்கள்” என்று வாங்குகிறவர் கேட்பார், செய்யாதீர்கள். பொய் அறிவிப்பு சுங்கச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் குற்றம், பார்சல் தொலைந்தால் இழப்பீடும் எழுதிய விலைக்குத்தான்.

எண் சரியாக இருந்தும் நிற்கும் சாமான்கள்

இதைப் பொறுமையாகப் படியுங்கள், இது பணத்தை மட்டும் சார்ந்ததில்லை. பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, சில எஞ்சின் கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். எண் கணக்கில் ஷூவில் ஒட்டிய லைனிங் 8708.30, ஒட்டாத தனி லைனிங் 6813, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் 6813.20. ஆனால் எண் சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். பிரிட்டன் 1999-இல் தடை செய்தது, ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல், ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல், நியூசிலாந்து 2016 அக்டோபர் முதல். ஆஸ்திரேலிய எல்லைப் படை பழைய கார்களையும் பாகங்களையும் இதற்காகவே குறிவைத்துப் பார்க்கிறது. பரிசோதனைச் சான்று இல்லாத பழைய லைனிங்கை அனுப்பவே வேண்டாம், வெறும் ஷூவாக அனுப்பினால் அவர்கள் ஊரிலேயே புது லைனிங் ஒட்டிக்கொள்வார்கள். அதற்காக லைனிங்கை நீங்கள் சுரண்டி எடுக்கக் கூடாது, பட்டறையில் காற்றடித்துப் பிரேக் டிரம்மைச் சுத்தம் செய்யவும் கூடாது. அந்தத் தூசி மூச்சுக்குள் போனால் திரும்பி வராது.

கார்புரேட்டர், ஃப்யூவல் பம்ப், பெட்ரோல் டேங்க் ஆகியவற்றில் எண்ணெய் வாடையே இருக்கக் கூடாது. விமானத்தில் போகும் பார்சலில் பெட்ரோல் மிச்சம் இருந்தால் அது அபாயப் பொருள். வடித்து, கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே கட்டுங்கள். பேட்டரியைச் சாதாரணப் பார்சலில் சேர்க்கவே வேண்டாம்.

அனுப்பிய பிறகு

ஒவ்வொரு சாமானுக்கும் படம், எழுதிய விவரம், எண், எந்தக் குறிப்பைப் பார்த்து அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்ற ஒரு வரி, இவ்வளவையும் ஒரு கோப்பில் வையுங்கள். அந்தப் பக்கத்துச் சுங்கம் எண்ணை மாற்றினால் வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரியை அனுப்புங்கள், அவருடைய ஏஜெண்ட் அதை வைத்துப் பேசுவார். அவர்கள் சொன்னது சரி என்று பட்டால் உங்கள் கோப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கோப்பில் பதிப்பின் ஆண்டையும் எழுதுங்கள். 2022-இல் ஃபிரேமோடு வரும் விண்ட்ஸ்கிரீனுக்கு 8708.22 என்று தனி எண் கொடுத்தார்கள், அதற்கு முன் அது 8708.29-இல் இருந்தது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னமும் பழைய எண்ணையே போடுகிறார்கள். அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது, அதற்கு முன் உங்கள் பட்டியலில் உள்ள எண்களை ஒருமுறை வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.